அழ வைக்கும் 40 நொடி: நன்கொடை விளம்பரம் எப்படி வேலை செய்கிறது?

ராத்திரி பதினோரு மணி. பிளேஸ்மென்ட்டுக்காக யூடியூப்ல டேட்டா ஸ்ட்ரக்சர் வீடியோ பார்த்துட்டு இருக்கீங்க. பாதியில விளம்பரம் வருது. ஆஸ்பத்திரிக் கட்டில், மூக்குல டியூப் மாட்டின ஒரு குழந்தை, பக்கத்துல அழுதுட்டிருக்கிற அம்மா, பின்னாடி மெதுவா ஒரு வயலின். "தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க"ன்னு ஒரு குரல். அஞ்சு நொடி கழிச்சு ஸ்கிப் பட்டன் வருது. உங்க விரல் அங்க போகுது. அப்போ நெஞ்சுல ஒரு சின்ன உறுத்தல் வருமே, இந்தக் கட்டுரை அதைப் பத்தினதுதான்.

அந்த உறுத்தல் தானா வர்றது இல்ல. ஒரு டீம் உட்கார்ந்து யோசிச்சு, ரெண்டு மூணு மாதிரி வீடியோ எடுத்து, எதுக்குப் பணம் அதிகமா வருதுன்னு அளந்து பார்த்து, அதைக் கொண்டு வர்றாங்க. அப்படிச் செய்யறதே குற்றம்னு நான் சொல்ல வரல. பம்ப், பாலம், சாப்ட்வேர் எதைப் பார்த்தாலும் "இது எப்படி வேலை செய்யுது"ன்னு கேட்கிறோம். இதையும் ஒரு தடவை கழட்டிப் பார்க்கலாம்.

எனக்கு இதுல சொந்தக் காரணமும் இருக்கு. அப்படி ஒரு வீடியோவை நானே எடுத்திருக்கேன். அது ரொம்ப நல்லா வேலை செஞ்சது. பிரச்சனை அங்கதான் ஆரம்பிச்சது.

2023 டிசம்பர், எங்க ஏரியா

எங்க வீடு திருவொற்றியூர்ல. மிக்ஜாம் புயல் மழை டிசம்பர் 3, 4 தேதிகள்ல சென்னையைப் புரட்டிப் போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் டிவில வந்துச்சு. எங்க பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் வந்துச்சு. மணலி தொழிற்பேட்டைப் பக்கத்துல இருந்து பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்துக்கும், அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேர்ந்துச்சு. படகு, வலை, அலையாத்தி மரத்தோட வேர், வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மீனவங்களே படகுல போய் பக்கெட்டுல எண்ணெயை அள்ளினாங்க. அந்த மாசம் முடியறதுக்குள்ள, 26-ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிவு. ஜனங்க தூக்கத்துல இருந்து எழுந்து ஓடினாங்க.

அப்போ நான் செகண்ட் இயர். நாங்க நாலு பேர் சேர்ந்து, முகத்துவாரத்தை ஒட்டின ஒரு குப்பத்துக்கு அரிசி, மளிகை, முடிஞ்சா கொஞ்சம் வலை வாங்கிக் கொடுக்கலாம்னு காசு திரட்ட ஆரம்பிச்சோம். எங்கள்ல ஒருத்தனோட சொந்தக்காரங்க அங்க இருக்காங்க. அதனால உள்ள போய்ப் பேசறது சுலபமா இருந்துச்சு.

முதல் வீடியோல அவனோட பெரியப்பா பேசினார். ரெண்டு நிமிஷம். எண்ணெய் ஒட்டின வலையைத் துவைச்சு மறுபடி பயன்படுத்த முடியாது, இறால்ல எண்ணெய் வாடை அடிச்சா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, தொழிலுக்குப் போகாத நாள்ல வீட்டுல என்ன நடக்கும்னு நிதானமா சொன்னார். கடைசியா இப்படி முடிச்சார்:

"நாங்க யார்கிட்டயும் கையேந்தல தம்பி. எங்க ஆத்துல எண்ணெய் விட்டவங்க எங்களுக்குக் குடுக்க வேண்டியது இருக்கு. அது வர்ற வரைக்கும் அடுப்பு எரியணும்ல? அதுக்குத்தான் இது."

போட்டோம். எங்க சித்தி ஒருத்தங்க, கிளாஸ்மேட்ஸ் ரெண்டு பேர் பணம் அனுப்பினாங்க. அவ்வளவுதான்.

ரெண்டாவது வீடியோவுல ஒரு பையன். எட்டு வயசு இருக்கும். கையெல்லாம் எண்ணெய். அதைப் பசங்ககிட்ட காட்டி, பூச வர்ற மாதிரி துரத்தி, விழுந்து விழுந்து சிரிச்சிட்டு இருந்தான். நான் அவனை நிறுத்தி, "சிரிக்காதடா, கையை முன்னாடி நீட்டு, கேமராவையே பாரு"ன்னு சொன்னேன். அவனும் சொன்ன மாதிரியே செஞ்சான். கலரைக் குறைச்சு, ஒரு சோக மியூசிக் போட்டு, "இந்தக் கைகள் என்ன பாவம் செய்தன?"ன்னு எழுத்து ஓட விட்டோம். மொத்தம் 40 நொடி. காலையில போட்டது, சாயங்காலத்துக்குள்ள நாங்க நினைச்ச தொகையைத் தாண்டிடுச்சு. கோயம்புத்தூர்ல இருந்து, துபாய்ல இருந்து, யார்னே தெரியாதவங்க எல்லாம் அனுப்பினாங்க.

பிரச்சனை ஒண்ணு. தேவைப்பட்ட உதவியும் ஒண்ணு. வீடியோ மட்டும்தான் வேற. அப்படின்னா வித்தியாசம் எங்க?

ஒரு முகமா, முப்பது லட்சம் பேரா?

இதே கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். பங்கேற்றவர்களுக்கு ஒரு சர்வே நிரப்பியதற்காக 5 டாலர் கொடுத்தார்கள். பிறகு, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் நன்கொடையாகக் கொடுக்கலாம் என்று ஒரு கடிதம்.

ஒரு குழுவுக்குப் போன கடிதத்தில் எண்கள் மட்டும்: மலாவியில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு உணவில்லை என்பது போல. இன்னொரு குழுவுக்கு ரொக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் கதையும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் சேர்த்து.

எண்கள் பார்த்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். ரொக்கியாவைப் பார்த்தவர்கள் 2.38 டாலர். இரண்டையும் பார்த்தவர்கள்? கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றும். அவர்கள் கொடுத்தது 1.43 டாலர். முகத்தின் பக்கத்தில் புள்ளிவிவரத்தை வைத்ததும் முகத்தோட சக்தியும் குறைஞ்சு போச்சு.

நம்மை மாதிரி இன்ஜினியரிங் பசங்க கவனிக்க வேண்டிய இன்னொரு பகுதியும் அதே ஆய்வில் உண்டு. சிலரை முதலில் கணக்குப் போட வைத்து, அந்த மனநிலையிலேயே கடிதத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் ரொக்கியாவுக்குக் குறைவாகக் கொடுத்தார்கள். எண்கள் பார்த்தவர்களோ கணக்குப் போட்டதால் அதிகம் கொடுத்துவிடவில்லை. அதாவது, "உணர்ச்சியை ஒதுக்கிட்டு லாஜிக்கா யோசிச்சா எல்லாருக்கும் நியாயமா கொடுப்போம்" என்று நாம் நினைப்பது நடக்கவில்லை. மொத்தத்தில் கொடுப்பதுதான் குறைந்தது.

இந்த யோசனை இன்னும் பழசு. பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1968-லேயே, பெயர் தெரிந்த ஒரு உயிருக்கும் புள்ளிவிவரத்தில் இருக்கும் உயிருக்கும் நாம் வேறு வேறு மதிப்பு வைக்கிறோம் என்று எழுதினார். போர்வெல்லில் விழுந்த ஒரு குழந்தைக்காக நாடே டிவி முன்னாடி உட்கார்ந்து வேண்டிக்கும். மூடாத போர்வெல் எத்தனை இருக்குன்னு ஒரு லிஸ்ட் வந்தா சேனலை மாத்திடுவோம்.

சரி, முகம் வேணும். ஆனா எந்த மாதிரி முகம்? அதே டெபோரா ஸ்மால், நிக்கோல் வெரோக்கி என்பவருடன் சேர்ந்து 2009-ல் அதையும் ஆராய்ந்தார். நன்கொடை விளம்பரத்தில் சிரிக்கும் முகம், சாதாரண முகம், சோக முகம் என்று மாற்றிப் பார்த்ததில், சோக முகத்துக்குத்தான் இரக்கமும் பணமும் அதிகம். பார்ப்பவருக்கும் அந்தச் சோகம் தொற்றிக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

"சிரிக்காதடா"ன்னு நான் சொன்னப்போ எனக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. நூறு விளம்பரம் பார்த்ததுல கையும் கண்ணும் தானா பழகியிருக்கு.

உதிரிபாகங்கள்

இனிமே இப்படி ஒரு விளம்பரம் வந்தா, கீழே இருக்கிற பாகங்கள் ஒவ்வொண்ணும் இருக்கான்னு பாருங்க.

1. நேரா பார்க்கிற கண். குழந்தை கேமராவைப் பார்க்கும். அதாவது உங்களை. கூட்டத்துல ஒருத்தரா இருந்த நீங்க, இப்போ அந்தக் குழந்தைக்கு எதிர்ல தனியா நிக்கிறீங்க.

2. பேரும் வயசும். "ஒரு சிறுவன்"னு சொல்றதை விட, பேர் சொல்லி, "வயசு 6, பெரியவனானா போலீஸ் ஆகணுமாம்"னு சொன்னா ஆள் நம்ம தெருப் பையன் ஆகிடுவான்.

3. டீ காசுக் கணக்கு. "மாசம் 900 ரூபாய்"னா யோசிப்போம். "ஒரு நாளைக்கு வெறும் 30 ரூபாய், ரெண்டு டீ காசு"ன்னா யோசிக்க மாட்டோம். ஜான் கூர்வில் என்பவர் 1998-ல் இந்த உத்தியை ஆராய்ந்து எழுதினார். தொகையை நாளாகப் பிரித்தால், மனசு அதைச் சின்னச் செலவுகளோடு ஒப்பிட ஆரம்பிக்கிறது.

4. நேர நெருக்கடி. "இன்னும் 3 நாளில் ஆபரேஷன்." உண்மையா இருக்கலாம். ஆனா விசாரிக்க நேரம் கொடுக்காம இருக்கிறதும் அதோட வேலை.

5. நிரம்புற பட்டை. 82 சதவீதம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தான். ஜெயிக்கப் போற டீம்ல சேர யாருக்குத்தான் ஆசை இருக்காது?

6. குற்ற உணர்வு. "நீங்களும் கைவிட்டா இவன் எங்க போவான்?" கேட்கிறவர் கேள்வியோட நிறுத்திக்கலாம். இங்க தீர்ப்பும் சேர்ந்தே வருது.

7. நம்பிக்கை முத்திரை. தெரிஞ்ச நடிகரோட குரல், டாக்டர் கையெழுத்து போட்ட செலவுச் சீட்டு, 80ஜி வரிவிலக்கு ரசீது.

சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னாடியே அரிஸ்டாட்டில், ஒருத்தரை இணங்க வைக்க மூணு வழின்னு பிரிச்சு வெச்சார்: பேசுறவர் மேல வர்ற நம்பிக்கை, கேட்கிறவருக்கு வர்ற உணர்ச்சி, சொல்ற வாதம். மேல இருக்கிற லிஸ்ட்டை அந்த மூணுல போட்டுப் பாருங்க. ஏழாவது, நம்பிக்கை. மூணாவது பார்க்க வாதம் மாதிரி இருக்கும், ஆனா செய்யற வேலை வேற. மத்தது எல்லாம் உணர்ச்சி. உணர்ச்சிலயும் பெரும்பாலும் ரெண்டே வகை: இரக்கம், குற்ற உணர்வு.

கொடுத்ததும் நமக்கு ஒரு இதமான உணர்வு வருது இல்லையா? பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990-ல் அதையும் மாதிரிக்குள் கொண்டு வந்தார். மற்றவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்பதோடு, கொடுப்பதால் நமக்கே கிடைக்கும் திருப்திக்காகவும் கொடுக்கிறோம் என்றார். பணம் அனுப்பினதும் உறுத்தல் அடங்கிடுது. டேட்டா ஸ்ட்ரக்சர் வீடியோ தொடருது. அந்தக் குழந்தை அப்புறம் என்ன ஆச்சுன்னு எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கோம்?

ஃபிரேமுக்கு வெளியே

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஒரு முகத்தை குளோஸ்-அப்ல வைக்கணும்னா, சுத்தி இருக்கிறதை வெட்டித்தான் ஆகணும். என்ன வெட்டுப்படுதுன்னு பார்க்கணும்.

1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சம் பற்றி மைக்கேல் பர்க் பிபிசியில் கொடுத்த செய்தித் தொகுப்பு உலகத்தையே உலுக்கியது. அதைப் பார்த்துத்தான் பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூர் இருவரும் பேண்ட் எய்ட் பாட்டைக் கொண்டு வந்தார்கள். அடுத்த வருடம் ஜூலை 13 அன்று லைவ் எய்ட் கச்சேரி. பெரிய தொகை திரண்டது, உயிர்கள் பிழைத்தன. ஆனால் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களில், அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது தெரியவில்லை. மழை பொய்த்தது, அதனால் பட்டினி என்று மட்டும் மனதில் நின்றது. இது கிறிஸ்துமஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்கும் தலைப்போடு அந்தப் பாட்டு வந்தது. எத்தியோப்பியாவிலோ கிறிஸ்தவம் நாலாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது.

இந்த மாதிரிப் படங்களைக் கிண்டல் செய்து நார்வே மாணவர் அமைப்பான சாய் 2012-ல் ஒரு வீடியோ போட்டது. ஆப்பிரிக்க இளைஞர்கள் சேர்ந்து, குளிரில் நடுங்கும் பாவப்பட்ட நார்வே மக்களுக்காக ரேடியேட்டர் ஹீட்டர் சேகரிக்கிறார்கள்! பனியில் வழுக்கி விழும் நார்வேக்காரர்கள்தான் அதில் பரிதாபக் காட்சி. சிரிச்சு முடிச்சதும் சுருக்குன்னு தைக்கும். ஒரு நாட்டைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் நன்கொடை விளம்பரம் மட்டும்தான்னா, அந்த நாடு நம்ம மனசுல எப்படி இருக்கும்?

எங்க ஏரியாவுக்கு இது நல்லாவே பொருந்தும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அப்போது வந்த படங்களில் எது உங்களுக்கு ஞாபகம் இருக்கு? பெரும்பாலும் வாளி. எர்ணாவூர் கரையில் வரிசையாக நின்று கையால் எண்ணெயை அள்ளிய மனிதர்கள். எண்ணெய் பூசிய ஆமை. 2023-ல் எண்ணெய் பூசிய கூழைக்கடா. படம் நின்னுடுச்சு. கப்பல் ஏன் மோதிச்சு, ஆத்துல எண்ணெய் எப்படி வந்துச்சுங்கற கேள்வி பக்கெட்டோட காலியாகிடுச்சு.

இப்போ எங்க வீடியோவுக்குத் திரும்புறேன். ரெண்டாவது வீடியோவுல நாங்க வெட்டினது என்ன? பெரியப்பா பேசின கடைசி ரெண்டு வரி. "எங்களுக்குக் குடுக்க வேண்டியது இருக்கு." அதைச் சொன்னப்போ அவர் ஒரு கடன்காரரைப் பத்திப் பேசிட்டு இருந்தார். தான் கொடுத்தவர், எதிர்ல இருக்கிறவர் திருப்பித் தர வேண்டியவர். நாங்க அந்தக் குப்பத்தையே கையேந்தி நிக்கிற இடமா மாத்திட்டோம். பையன் நிஜமாவே கையை நீட்டிட்டு இருந்தான். நான்தான் நீட்டச் சொன்னேன்.

தமிழ்ல இதுக்கு ரெண்டு தனித்தனி வார்த்தை இருக்கு: உதவி, இழப்பீடு. உதவி கேட்டா நன்றி சொல்லணும். இழப்பீடு கேட்டா கணக்கு சொல்லணும், அதுவும் எதிர்ல இருக்கிறவர். இரக்கத்தை மட்டும் நம்பி எடுக்கிற விளம்பரம் ரெண்டாவதை முதலாவதா மாத்திடுது. மாத்தினதுக்கு ஒருத்தர் விலை கொடுக்கிறார். அது பணம் அனுப்பினவர் கிடையாது.

நான் இங்கிலீஷ் மீடியம். திருக்குறளை மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினதோட சரி. இதை எழுதும்போதுதான் அதிகார வரிசையைப் பார்த்தேன். கொடுக்கிறதுக்கு 'ஈகை', 23-ஆவது அதிகாரம். கேட்கிறதுக்கு 'இரவு', 106. கேட்க வேண்டி வருமோங்கற கூச்சத்துக்கு 'இரவச்சம்', 107. கொடுக்கிறவரைப் பத்தி எழுதினவர், கேட்கிறவரோட மனசுக்குத் தனியா ரெண்டு அதிகாரம் ஒதுக்கியிருக்கார். எங்க வீடியோவுல அதுக்கு ரெண்டு நொடிகூட இல்ல.

அந்த அக்கா சொன்னது

நாலு மாசம் கழிச்சு அந்தப் பையனோட அம்மாவைப் பார்த்தேன். அக்கான்னுதான் கூப்பிடுவேன். டீ கொடுத்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னாங்க: "காசு வந்துச்சு தம்பி, நல்லதுதான். ஆனா ஸ்கூல்ல அவனை 'பாவம்'னுதான் கூப்பிடுறானுங்களாம். பேரே அதுவா ஆயிடுச்சு. 'டேய் பாவம், இங்க வாடா'ன்னு."

அன்னைக்கே வீடியோவை எடுத்துட்டேன். ஆனா டெலீட் பட்டன் என் போன்ல மட்டும்தான் வேலை செஞ்சது. வாட்ஸ்அப் குரூப்கள்ல அது இன்னும் சுத்துது. அடுத்த வருஷ மழைல ஒருத்தர், "இன்றைய நிலவரம்"னு போட்டு எனக்கே ஃபார்வர்டு பண்ணினார்.

எடுக்கும்போது அக்காகிட்ட கேட்டியான்னு நீங்க கேட்கலாம். கேட்டேன். "பையனை ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா அக்கா?" "எடுத்துக்கோ." அவ்வளவுதான் பேச்சு. என்ன மியூசிக், என்ன எழுத்து, எத்தனை பேர் பார்ப்பாங்க, ஒண்ணையும் சொல்லல. அரிசி கொண்டு வர்றேன்னு சொல்ற ஒருத்தன்கிட்ட "வேணாம்"னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னும் நான் யோசிக்கல.

அழுகை மட்டும்தான் உணர்ச்சியா?

அப்போ உணர்ச்சியே வேணாம், எக்செல் ஷீட் மட்டும் போடலாமா? ரொக்கியா ஆய்வு அதுக்கும் பதில் சொல்லிடுச்சு. ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. ஆனா இரக்கத்தைத் தாண்டி வேற உணர்ச்சிகளும் இருக்கு. அதுக்கு எங்க ஊர்லயே உதாரணம் இருக்கு.

2017 ஜனவரியில், கப்பல் மோதுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, 'சென்னை பொறம்போக்குப் பாடல்' யூடியூபில் வந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. எண்ணூர் கழிமுகத்திலேயே எடுத்தது. பின்னாடி அனல்மின் நிலையம், சாம்பல், தண்ணீர். கர்நாடக இசையில் நம்ம பேச்சுத் தமிழ். அழும் குழந்தை யாரும் இல்லை, சோக வயலின் இல்லை, பணமும் கேட்கவில்லை.

அதுக்குப் பதிலா ஒரு வார்த்தையை எடுத்தாங்க. நம்மள்ல பாதிப் பேர் 'பொறம்போக்கு'ன்னு திட்டு வாங்கித்தான் வளர்ந்திருப்போம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. ஆறு, ஏரி, மேய்ச்சல் நிலம் மாதிரி எல்லாருக்கும் பொதுவான, பட்டா போட முடியாத இடம். வசவா கேட்ட வார்த்தையை நமக்குச் சொந்தமான இடத்தோட பேரா அந்தப் பாட்டு திருப்பிக் கொடுத்துச்சு. கோபம், கிண்டல், கொஞ்சம் பெருமை, கொஞ்சம் வெட்கம் எல்லாம் வந்துச்சு. எல்லாமே உணர்ச்சிதான். ஆனா பார்த்து முடிச்சதும் "ஐயோ பாவம் எண்ணூர்"னு எனக்குத் தோணல. "இது நம்ம இடமாச்சே"ன்னு தோணுச்சு.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்தப் பாட்டால அடுத்த நாள் ஒரு வீட்டுக்கு அரிசி போகாது. எங்க வீடியோவால போச்சு. ரெண்டும் வேற வேற வேலை. முதல் வேலையைச் செய்யும்போது ரெண்டாவதைக் கெடுக்காம இருக்க முடியுமாங்கறதுதான் கேள்வி.

விதின்னு ஒண்ணு இருக்கு

இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில், அதாவது ஆஸ்கி, விளம்பரத் துறை 1985-ல் தனக்குத் தானே அமைத்துக்கொண்ட கண்காணிப்பு அமைப்பு. நன்கொடை விளம்பரங்களுக்கென்று 2022-ல் அது தனி வழிகாட்டுதல் கொடுத்தது. அதன் சாரம்: பாதிக்கப்பட்டவர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, அவர்களுடைய கண்ணியம் கெடும்படி காட்டக் கூடாது. கொடுக்காதவர்கள் கடமை தவறியவர்கள், வெட்கப்பட வேண்டியவர்கள் என்று சொல்லக் கூடாது. படத்தில் இருப்பவர் உண்மையான பயனாளி இல்லையென்றால் அதைத் தெரிவிக்க வேண்டும். மீறினால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம்.

மேல சொன்ன ஏழு பாகத்துல எத்தனை இந்த விதிகளோட மோதுதுன்னு நீங்களே பாருங்க. எங்க வீடியோ முதல் விதிலயே அவுட்.

மறுபடி ஒரு முயற்சி

2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் பக்கம் பெரிய வெள்ளத்தைக் கொண்டு வந்தது. நிதி திரட்ட வீடியோ வேணும்னு காலேஜ்ல என்னைக் கேட்டாங்க. இந்த தடவை ஒரு தையல்கார அக்கா. மெஷினுக்குள்ள சேறு. அதைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே பேசினாங்க: எந்தப் பாகம் போச்சு, புதுசு எவ்வளவு, யாரெல்லாம் தைக்கக் கொடுத்த துணி தண்ணில போச்சு, அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு. நடுவுல ஒரு இடத்துல சிரிச்சாங்க. அதை அப்படியே விட்டேன். எடிட் முடிச்சு அவங்களுக்குத்தான் முதல்ல காட்டினேன். வீட்டு உள்பக்கம் தெரியற ஒரு ஷாட் வேணாம்னாங்க. எடுத்துட்டேன்.

பணம் எவ்வளவு வந்துச்சு? பையன் வீடியோவுல வந்ததுல பாதிகூட இல்ல.

இதை மறைக்காம சொல்றேன், ஏன்னா இதுக்கு இலவசமான தீர்வு இருக்கிற மாதிரி எழுதினா அது பொய். வராம போன அந்தப் பாதி யாரோ ஒருத்தருக்குப் போயிருக்க வேண்டிய அரிசி. "மரியாதை சோறு போடுமா"ன்னு யாராவது கேட்டா எனக்கு முழுசா பதில் சொல்லத் தெரியல. ஒண்ணு மட்டும் கவனிச்சேன். செலவுக் கணக்கை அனுப்பினப்போ, பணம் கொடுத்தவங்கள்ல சிலர் திருப்பிக் கேட்டாங்க: "அந்த அக்கா மெஷின் ஓடுதா?" பையன் வீடியோவுக்குப் பணம் அனுப்பினவங்கள்ல ஒருத்தர்கூட எதுவும் கேட்கல.

உங்களுக்கு ஹோம்வொர்க்

பார்க்கிறவரா இருந்தா: அழுகை வந்தா வரட்டும். ஆனா பணம் அனுப்பறதுக்கு முன்னாடி மூணு கேள்வி. இந்த நிலைமைக்கு யார் காரணம்னு விளம்பரம் சொல்லுதா? இதுல இருக்கிறவர் ஏதாவது செய்யறாரா, இல்ல அவருக்கு எல்லாமே நடக்க மட்டும் செய்யுதா? என் பணம் எங்க போச்சுன்னு நாளைக்குக் கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்கா?

எடுக்கிறவரா இருந்தா, அதாவது அடுத்த மழைக்கு போஸ்டர் டிசைன் பண்ணப் போற நம்ம ஜூனியர்ஸுக்கு: எடிட் பண்ணினதை அவங்ககிட்ட காட்டாம போடாதீங்க. குழந்தை முகத்தைத் தவிருங்க. அவங்க பேசினதுல உங்களுக்கு எது இடைஞ்சலா இருக்கோ, அதை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் தள்ளிப் போடுங்க. வீடியோவுக்குத் தேதி போடுங்க. உங்க அம்மாவையோ தம்பியையோ இதே மாதிரி எடுத்து ஊர் முழுக்க அனுப்புவீங்களான்னு கேட்டுப் பாருங்க.

கடைசியா ஒரு பயிற்சி. இந்தக் கட்டுரையை மறுபடி மேல இருந்து பாருங்க. நானும் ஒரு பையனைக் காட்டித்தான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்கேன். ஏழு பாகத்துல எத்தனை இதுல இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

அதனால எழுதறதுக்கு முன்னாடி அந்த அக்காகிட்ட போய்க் கேட்டேன். இந்த தடவை என்ன எழுதப் போறேன், யார் படிப்பாங்கன்னு எல்லாம் சொல்லித்தான் கேட்டேன். யோசிச்சுட்டு சொன்னாங்க: "பேர் போடாத, எந்தக் குப்பம்னு போடாத, போட்டோ வேணவே வேணாம். மத்தபடி எழுதிக்கோ. அவன் அன்னைக்கு சிரிச்சிட்டுதான் இருந்தான். அதை மட்டும் மறக்காம எழுது."

எழுதிட்டேன் அக்கா.